ஒரு நாளைக்கு ஐந்தடிச் சுவர்

நாவல் எழுதுகிற ஆள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மூடு வந்தாத்தான் எழுதுவீங்களா?" என்பதுதான். அதற்கு எழுத்தாளர்கள் சொல்கிற பதிலும் அநேகமாக ஒன்றேதான். "கொத்தனார் மூடு பார்த்தா வேலைக்கு வர்றார்? நானும் அப்படித்தான், தினமும் உட்கார்ந்துடுவேன்." கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் பணிவாகப் பேசிவிட்ட சந்தோஷம்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. கொத்தனாரிடமிருந்து எடுத்துக்கொள்ள எத்தனையோ இருக்கும்போது, இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. தினமும் வேலைக்குப் போவது கொத்தனாருக்கு மட்டும் உரியதா என்ன? கணக்கர், பஸ் டிரைவர், பல் மருத்துவர் எல்லோரும்தான் போகிறார்கள். ஆனால் சுவர் கட்டுகிற வேலைக்கென்றே சில விதிகள் இருக்கின்றன, எங்கே நிறுத்துவது, எதை வைத்துச் சரிபார்ப்பது, எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் உட்காரக் கூடாது என்கிற மாதிரி விதிகள். பக்கத்து மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்த மாதங்களில் நான் ஒரு நாவலின் நடுப்பகுதியில் சிக்கிக் கிடந்தேன், என் மேசைக்கு நேரே இருக்கும் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், அதனால் அந்த விதிகளில் பலவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தினக் கணக்கு என்று பேச்செடுத்தால் ஆந்தனி டிரோலப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், தபால் துறையில் அதிகாரி. 1867இல் வேலையை விடும்வரை ஆபீசுக்குப் போய்க்கொண்டேதான் எழுதினார், மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார், எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வயதான வேலைக்காரருக்குத் தனியாகக் கூலி கொடுத்து வைத்திருந்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தன்னிடமே வேலை வாங்கினார். இதையெல்லாம் மறைக்காமல் சுயசரிதையில் எழுதியும் வைத்தார், நாவலாசிரியனைச் செருப்புத் தைக்கிறவரோடு ஒப்பிட்டும் பேசினார். அவர் இறந்த பிறகு, 1883இல், அந்தப் புத்தகம் வந்தது. வாசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். கடிகாரம் வைத்து எழுதுகிறவன் கலைஞனா என்கிற கேள்வி வந்துவிட்டது. அவர் பெயர் கொஞ்ச காலம் மங்கிப்போனதற்கு அந்தச் சுயசரிதையும் ஒரு காரணம் என்பார்கள்.

டிரோலப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த 250 சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காலையில் அவருக்கு இருந்தது மூன்று மணி நேரம். அதில் முதல் அரை மணியை முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே செலவழித்தார். ஆபீஸ் நேரம் கழுத்தைப் பிடிக்கிற ஒரு மனுஷன், நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்க்கிறவர், ஆறில் ஒரு பங்கை நேற்றைய வேலைக்குக் கொடுக்கிறார் என்றால் அதில் விஷயம் இருக்க வேண்டும்.

என்ன விஷயம் என்பதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கொத்தனார் காலையில் வந்ததும் கல்லை எடுக்க மாட்டார். நேற்றுக் கட்டி நிறுத்திய சுவரின் தலைமாட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கலவைத் துணுக்குகளைக் கரண்டியால் சுரண்டித் தள்ளுவார். சித்தாள் வாளியில் கொண்டுவந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார், அது உறிஞ்சுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று காட்டுகிற தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மூலைக்கு மூலை நூலைக் கட்டுவார். கட்டிய நூலை ஒரு தடவை சுண்டிவிட்டுப் பார்ப்பார். இவ்வளவுக்கும் பிறகுதான் முதல் கல். பார்க்கிறவனுக்கு, என்னய்யா வந்ததிலிருந்து இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லையே என்று தோன்றும். அவருக்கு அதுதான் வேலை. நேற்றைய சுவரின் மேல் பக்கம் காய்ந்து தூசி பிடித்துக் கிடந்தால் இன்றைய கலவை அதில் பிடிக்காது, மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும்.

நாவலில் அந்தக் கோடு எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பத்தி ஒரு குரலில் பேசிக்கொண்டு வரும், அடுத்த பத்தியில் ஏதோ ஒன்று மாறியிருக்கும், சொல் மாறியிருக்காது, கதை மாறியிருக்காது, மூச்சு மாறியிருக்கும். அங்கே ராத்திரி ஒன்று கடந்திருக்கிறது என்று அர்த்தம். முந்தைய நாள் எழுதியதை முழுசாகப் படித்து, இரண்டொரு சொல்லைத் தட்டி நனைத்துவிட்டு மேலே போனால் அந்த ராத்திரி வாசகருக்குத் தெரியாது. படிப்பது திருத்துவதற்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முக்கியமாக ஒட்டுவதற்காக.

இனி தலைப்பில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் வெளிச்சம் இன்னும் நிறையவே இருந்தது, கலவையும் மிச்சமிருந்தது, கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருந்தது, ஆனால் கொத்தனார் சுவரை நிறுத்திவிட்டு மிச்சக் கலவையை எடுத்துக்கொண்டு வேறு ஏதோ சின்ன வேலைக்குப் போய்விட்டார். நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஏண்ணே, இன்னும் ரெண்டு வரி வச்சிருக்கலாமே?"

"வைக்கலாம் சார். வச்சா கீழ இருக்கறது பிதுங்கிரும்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு விசாரித்தால் இது பொறியியல் புத்தகத்திலும் இருக்கிற விதி. செங்கல் சுவரை ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்தடி. வரி என்று அவர்கள் சொல்வது ஓர் அடுக்குச் செங்கல்லை. கீழ் வரிகளின் கலவை இன்னும் ஈரமாக இருக்கிறது. மேலே எடை ஏற ஏற அது நசுங்கும், சுவர் தூக்குக்கு நிற்காமல் சாயும். அன்றைக்குத் தெரியாது, காய்ந்த பிறகு தெரியும், அப்போது இடிப்பதைத் தவிர வழியில்லை. கட்டிய பிறகும் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட்டாக இருந்தால் 28ஆம் நாள்தான் அதன் பலத்தைச் சோதித்து நம்புகிறார்கள்.

எழுத்தில் எல்லோரும் பயப்படுவது எழுத வராத நாளை நினைத்து. நான் அதிகமாக எழுத வருகிற நாளைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை விரல் நிற்காது, மூன்று அத்தியாயம் ஒரே மூச்சில் வந்து விழும், அன்றைக்கு ராத்திரி இருக்கிற கர்வத்துக்கு அளவே இருக்காது. ஆனால் முதல் அத்தியாயத்தில் ஒருத்தி புருஷனை விட்டுப் போவதாக முடிவெடுத்திருக்கிறாள் என்று வையுங்கள். அந்த முடிவு இன்னும் ஈரம். அது உண்மையிலேயே அவள் எடுத்த முடிவா, இல்லை கதை நகர வேண்டுமே என்று நான் எடுத்த முடிவா என்பது எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அதன்மேல் இரண்டாவது அத்தியாயத்தை ஏற்றி, அவள் வேறு ஊருக்குப் போய், மூன்றாவதில் அங்கே ஒரு வேலையும் தேடிக்கொண்டுவிட்டாள் என்றால், அடியில் இருக்கிற முடிவு நசுங்கியிருந்தாலும் இனி அதைத் தொட மனசு வராது. மேலே இவ்வளவு கட்டிவிட்டோமே என்று நியாயம் சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். பாதி நாவலுக்குப் பிறகு சாய்ந்து நிற்கிற நாவல்கள் நிறைய இப்படித்தான் சாய்கின்றன என்பது என் எண்ணம்.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயும் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடு, மறுநாள் அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான், ஆயிரம் பேர் அதை எடுத்துச் சொல்லியும் விட்டார்கள். அவர் நிறுத்தச் சொன்னது நாளைய வேலை சுலபமாக வேண்டும் என்பதற்காக. கொத்தனார் நிறுத்துவது இன்றைய வேலை கெடக் கூடாது என்பதற்காக. எனக்கு இரண்டாவது காரணம்தான் உறைக்கிறது.

சரி, ஆறிவிட்டதா, நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணை நம்ப முடியாது. முப்பது வருஷம் கட்டிய கொத்தனாருக்கும் கையில் தூக்குக்குண்டு வேண்டும், கிடைமட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டும். அனுபவம் அதிகமாக அதிகமாகக் கருவியை விட்டுவிடலாம் என்று அவர்கள் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. எழுத்தாளர்கள் மட்டும்தான் "எனக்கே தெரியும்" என்று மார்தட்டுகிறோம். எழுதி முடித்த கையோடு படித்தால் எழுதும்போது இருந்த குஷியே திரும்ப வரும், அது பக்கத்தில் இருக்கிறதா நம் மனசில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. நம் மனநிலைக்கு வெளியே ஏதாவது ஒன்று வேண்டும். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேர் தன் வாக்கியங்களைக் கத்திப் படித்துப் பார்ப்பார். 1851இல் தொடங்கிய ஒரு நாவலோடு 1856 வரை மல்லுக்கட்டியவர், வாரத்துக்கு ஒரு பக்கம் தேறினால் பெரிது என்று கடிதங்களில் புலம்பியவர். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் கோணல் என்று வைத்துக்கொண்டார். அது அவருடைய தூக்குக்குண்டு.

வாய்விட்டுப் படிப்பதால் என்ன ஆகிறது என்பதற்கு என் கையெழுத்துப் பிரதியிலிருந்தே ஒன்று காட்டுகிறேன். முதலில் எழுதியது இது:

"முருகேசன் கதவைத் தட்டினான். உள்ளிருந்து பதில் எதுவும் வரவில்லை. இனம் புரியாத ஒரு பதற்றம் அவன் நெஞ்சில் மெல்லப் பரவியது."

மௌனமாகப் படித்தால் ஒரு தப்பும் தெரியாது. வாய்விட்டுப் படித்தபோது மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் தானாக நாடகக் குரலாக மாறியது. இனம் புரியாத பதற்றம் என்பது நான் எழுதிய சொல்லே இல்லை, எங்கோ ஆயிரம் இடத்தில் படித்தது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு இப்படி வைத்தேன்:

"முருகேசன் கதவைத் தட்டினான். தட்டிய பிறகுதான் வெளியே பூட்டு தொங்குவதைக் கவனித்தான்."

பதற்றம் என்கிற சொல் போய்விட்டது, பதற்றம் மிஞ்சிவிட்டது. பூட்டைப் பார்க்காமல் தட்டுகிறவன் எப்படிப்பட்ட நிலைமையில் வந்திருப்பான் என்று வாசகர் தானே தெரிந்துகொள்வார்.

அடுத்தது மூட்டு. சுவர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். கீழ் வரியில் இரண்டு கல் சேர்கிற இடத்துக்கு நேர் மேலே மேல் வரியின் மூட்டு வரக் கூடாது. அதனால்தான் ஒரு வரிவிட்டு ஒரு வரி, ஓரத்தில் அரைக்கல்லோ முக்கால் கல்லோ வைத்து ஆரம்பிக்கிறார்கள். கரண்டியின் விளிம்பால் கல்லில் ஒரு தட்டு, அளவாக உடையும், பார்க்கவே அழகு. மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு கிடைக்கும், வெடிப்பு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும்.

இதை வைத்து என் நாவலின் நடுப்பகுதியைப் பார்த்தபோதுதான் அது ஏன் நகரவில்லை என்று புரிந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் பொழுது சாய்வதோடு முடிகிறது. அதே இடத்தில் ஒரு உரையாடலும் முடிகிறது. அதே இடத்தில் அந்த உரையாடலில் கிளம்பிய கோபமும் அடங்குகிறது. ஒருவர் விடைபெற்றுப் போகிறார். அத்தியாயம், பொழுது, பேச்சு, உணர்ச்சி நாலும் ஒரே கோட்டில். வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவதற்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? நாவலில் வெடிப்பு என்பது அதுதான், அந்த இடத்தில் வாசகர் விழுந்துவிடுகிறார். கோபத்தை அடக்காமல் அடுத்த அத்தியாயத்தின் மூன்றாவது பக்கம் வரை நீட்டிப் பார்த்தேன். பேச்சைப் பாதியில் நிறுத்தி அத்தியாயத்தை முடித்தேன், இன்னோர் இடத்தில் அத்தியாயம் முடிந்த பிறகும் பொழுது முடியாமல் விட்டேன். புதிதாக ஒரு சம்பவம்கூடச் சேர்க்கவில்லை. எல்லாம் அரைக்கல் வேலைதான்.

அத்தியாயக் கடைசியில் திடுக்கிடும் திருப்பம் வைப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றில்லை. திருப்பம் வாசகரை இழுக்கிறது, சரி, ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் திருப்பத்தில் முடிந்தால் அதுவும் ஒரே கோடுதான், மூட்டுக்கு மேல் மூட்டு. மூன்றாவது தடவை வாசகர் அதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கல்லை நனைக்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. காய்ந்த செங்கல்லை அப்படியே வைத்தால் அது கலவையில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகத் தண்ணீர் இல்லாமல் பொடியாகிப் போகும், அதனால் முன்கூட்டியே தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். நாவலுக்காகத் திரட்டுகிற தகவல்களுக்கும் இதே குணம் உண்டு. ஒரு தொழிலைப் பற்றியோ ஒரு காலத்தைப் பற்றியோ நேற்றுப் படித்ததை இன்றைக்கே காட்சிக்குள் வைத்தால், அது சுற்றி இருக்கிற உயிரை உறிஞ்சிக்கொண்டு அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பாத்திரங்கள் திடீரென்று பாடப்புத்தகம் போலப் பேச ஆரம்பித்தால் கல் ஊறவில்லை என்று அர்த்தம். படித்தது பாதி மறந்துபோகும்வரை வைத்திருந்து பிறகு எடுப்பது நல்லது.

மூலையை முதலில் கட்டுவார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. இடமிருந்து வலமாகக் கல் வைத்துக்கொண்டே போவதில்லை. இரண்டு மூலைகளையும் சில வரிகள் உயரத்துக்குப் படிப்படியாக ஏற்றிவிட்டு, நடுவே நூல் கட்டி நிரப்புகிறார்கள். ஜான் இர்விங் என்கிற அமெரிக்க நாவலாசிரியர் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் நாவலைத் தொடங்குவாராம். ரஷ்யாவில் பிறந்த நாவலாசிரியர் நபக்கோவ் சிறுசிறு அட்டைகளில் எழுதி, எந்த இடம் மனசில் தெளிவாக இருக்கிறதோ அதை முதலில் நிரப்புவார். எனக்கு இது கைவரவில்லை, நான் முன்னாலிருந்து பின்னால் போகிற ஜாதி. ஆனாலும் கடைசிக் காட்சியில் யார் யார் எந்த அறையில் நிற்கிறார்கள் என்பதையாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். நூல் கட்ட எதிர் மூலையில் ஓர் ஆணி வேண்டுமே.

அப்புறம் சாரம். சுவர் ஆள் உயரம் தாண்டியதும் கம்பு நட்டுப் பலகை போட்டு அதன்மேல் நின்று கட்டுகிறார்கள், கட்டி முடித்ததும் பிரித்துவிடுகிறார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர் யாரும் சாரத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் மேல் வரி ஒன்றுகூட எழும்பியிருக்காது. நாவலின் சாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கைப் பார்க்கலாம். 1951இல் அவர் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதியபோது பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டார். வலது பக்கம் நாவல். இடது பக்கம் அவருடைய பதிப்பாசிரியரும் நண்பருமான பாஸ்கல் கோவிசிக்குக் கடிதம். நாவலைத் தொடுவதற்கு முன் தினமும் இந்தக் கடிதம், இன்றைக்கு என்ன எழுதப்போகிறேன், நேற்று வந்தது சரியில்லை, பென்சில் இப்படி இருக்கிறது, உடம்பு அப்படி இருக்கிறது என்று. பென்சில் விஷயத்தில் மனுஷனுக்கு ஒரு வெறியே இருந்தது, எது கைக்கு உகந்தது என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார், சீவிக்கொண்டே இருப்பார். அந்தக் கடிதங்கள் அவர் இறந்த மறுவருஷம், 1969இல், தனிப் புத்தகமாக வந்தன. நாவலைவிட அந்தக் கடிதங்களை விரும்பிப் படிக்கிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும், நானும் அந்தக் கூட்டம்தான். இதில் இன்னொரு விஷயம், ஸ்டைன்பெக்குக்கு நிஜமாகவே தச்சு வேலை தெரியும். நாவல் எழுதிய நாட்களிலேயே கையால் ஒரு மரப்பெட்டி செதுக்கி, கையெழுத்துப் பிரதியை அதில் வைத்துக் கோவிசியிடம் கொடுத்தார்.

அவர் புத்திசாலி, சாரத்தை இடது பக்கத்தில் தனியாகக் கட்டினார். நம்மில் பலர் வலது பக்கத்திலேயே கட்டிவிட்டுப் பிரிக்க மறந்துவிடுகிறோம். முதல் பிரதியில் ஒரு பாத்திரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு யோசித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் யோசித்தது பாத்திரம் இல்லை, ஆசிரியர். அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, ஏறி நிற்க ஒரு பலகை வேண்டியிருந்தது. எழுதும்போது அது தேவைதான். அச்சில் அது எதற்கு? ஆனால் அந்த இரண்டு பக்கத்தில்தான் நல்ல நல்ல வாக்கியங்கள் எல்லாம் வந்து மாட்டியிருக்கும், பிரிக்கக் கை நடுங்கும்.

இதெல்லாம் இடித்துக் கட்ட அவகாசம் இருக்கிறவர்களுக்கு. தொடர்கதை எழுதினவர்கள் பாடு வேறு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கி இதழில் வந்தது. போன வாரம் வைத்த கல்லை இந்த வாரம் பிடுங்க முடியாது, லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஒரு பாத்திரத்துக்கு அவசரத்தில் கொடுத்த குணம் தேவையில்லை என்று பின்னால் தெரிந்தாலும் அதை வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். தொடர்கதையைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவது இலக்கிய வட்டாரத்தில் வழக்கம். எனக்கென்னவோ சுவர் கட்டுகிறவனின் நிலைமைக்கு எழுத்தில் மிக நெருங்கி வந்தவர்கள் அவர்கள்தான் என்று தோன்றுகிறது. கலவை இறுகுவதற்குள் கல்லை வைத்தாக வேண்டும், வைத்ததோடு வாழ்ந்தாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒப்பீடு எங்கே ஒத்துவராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தாளர்களுக்கு உடல் உழைப்பின் மேல் ஒரு பொறாமை கலந்த காதல் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னர் 1929இல் மிசிசிபி பல்கலைக்கழகத்தின் மின் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார். கரி அள்ளிப் போடுகிற வேலை என்றும், கரி தள்ளுகிற வண்டியையே மேசையாக்கி ஆறு வாரத்தில் ஒரு நாவலை எழுதி முடித்ததாகவும் பிறகு எழுதினார். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினவர்கள், அது மேற்பார்வை வேலைதான் என்கிறார்கள். நாவல் என்னவோ அபாரமான நாவல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேற்பார்வை பார்த்தவருக்கு ஏன் கரி அள்ளியதாகச் சொல்லத் தோன்றியது என்பது யோசிக்க வேண்டியது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பற்றி எழுதுகிறவனுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கிறது, அதை மறைக்க ஒரு தள்ளுவண்டி தேவைப்படுகிறது.

என் மேசையிலிருந்து எழுந்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். கொத்தனாருக்குச் சிமென்ட் பட்டுப் பட்டு விரல் நுனியில் தோல் வெடித்திருந்தது, சித்தாள் பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாந்துச் சட்டியோடு ஏணி ஏறி இறங்கினார் என்று எண்ணினால் எண்ணுகிறவனுக்கே மூச்சு வாங்கும். மழை வந்தால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது, எனக்கு எழுதுவதற்கு அருமையான நாள். இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலையின் முறையை எடுத்துக்கொள்ளலாம். வேலையின் கஷ்டத்தையும் எனக்குச் சொந்தமாக்கிக்கொள்வது அழகில்லை.

இன்னொரு வித்தியாசம், வரைபடம். கொத்தனார் கையில் அது முதல் நாளே இருக்கிறது, இந்த அறை இத்தனை அடி, இந்த இடத்தில் வாசல். நாவலில் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் இது வீடா சத்திரமா என்றே தெரிகிறது. ஹெமிங்வே ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை எழுதியதாகப் பேட்டியில் சொன்னார், 2012இல் வந்த பதிப்பில் 47 முடிவுகளைத் தேடிப்பிடித்துப் போட்டிருந்தார்கள். வாசலை 47 இடத்தில் வைத்துப் பார்க்கிற கொத்தனாரை வீட்டுக்காரர் மறுநாளே அனுப்பிவிடுவார். எழுத்தில் அந்த வீட்டுக்காரரும் நாமே என்பதால் பிழைத்தோம்.

பக்கத்து வீடு முடிந்துவிட்டது. கடைசியாக அவர்கள் செய்தது, சாரக் கம்பு சொருகியிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது, ஜன்னல் கம்பியில் தெறித்திருந்த சாந்தைச் சுரண்டியது. சுவர் கட்டியவரே உட்கார்ந்து அதையும் செய்தார். என் நாவலும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. முருகேசனின் அக்காவுக்கு ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெயர், பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வேறு பெயர். தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு குழந்தை பதினோரு மாதம் வயிற்றில் இருந்திருக்கிறது. இன்றைக்குக் குழந்தையைச் சரிசெய்துவிட்டு, நேரம் இருந்தால் அக்கா.